சத்தமின்றிக் கெட்டுப்போகும் வடிகட்டிகள்

தேத்தண்ணீர் வடி இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். தேயிலைத் தூள் அடைத்துக்கொண்டால் தேநீர் கீழே இறங்காது. பிடித்திருக்கும் கைக்கு அது உடனே தெரிந்துவிடும்; தட்டிக் கழுவிவிட்டு வேலையைத் தொடரலாம். வலையில் ஓர் இழை அறுந்து ஓட்டை விழுந்தாலோ நிலைமை வேறு. தேநீர் முன்னரைவிட வேகமாக இறங்கும். வடி மிக நன்றாக வேலை செய்வதுபோலவே இருக்கும். கோப்பையின் அடியில் தூளைக் காணும்போதுதான் விடயம் விளங்கும்.

தொழிற்சாலைகளில் உள்ள பெரிய வடிகட்டிகளுக்கும் இதே நோய்கள்தான். அடைத்துக்கொண்ட வடிகட்டி தானாகவே முறைப்பாடு செய்துவிடும். தண்ணீர் குறையும், தூசியை உறிஞ்சும் குழாயில் இழுவை குறையும், உற்பத்தி தாமதமாகும், முதலாளியே ஓடி வந்து பார்ப்பார். கிழிந்த வடிகட்டி யாரிடமும் முறையிடுவதில்லை. தண்ணீர் தாராளமாக வரும், காற்று இலகுவாக ஓடும், எல்லோரும் திருப்தியாக இருப்பார்கள். அங்கே கோப்பையின் அடி என்பது ஒரு தொழிலாளியின் நுரையீரலாகவோ ஒரு குடும்பத்தின் தண்ணீர்க் குடமாகவோ இருக்கிறது. ஆகவே வடிகட்டியைச் சோதிப்பது என்றால், பெரும்பாலும் இந்தச் சத்தமில்லாத நோயைத் தேடுவது என்றே பொருள். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன. ஆனால் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கக்கூடிய பொருட்களையும் உயர்தர வகுப்புப் பௌதிகவியலையும் வைத்துக்கொண்டே இதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்போது நெல் ஆலைகளுக்கு இயந்திரங்களைப் பொருத்திப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். "அங்க நீ என்னதான் மகள் செய்யிறாய்?" என்று உம்மா அடிக்கடி கேட்பார். "ஓட்டை தேடுறன் உம்மா" என்பேன். அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் என் வேலையை அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி தங்கைமார் கேட்டபோது, அந்த ஓட்டை தேடும் கலையையே எழுதுவோம் என்று எண்ணினேன்.

நெல் ஆலையில் உள்ள தூசி வடிகட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு தகரப் பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே நீண்ட துணிப் பைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பையும் ஒரு கம்பிக் கூட்டின் மேல் உறைபோல மாட்டப்பட்டிருக்கும். நெல்லைத் துப்புரவாக்கும்போது எழும் தூசி நிறைந்த காற்றை ஒரு விசிறி இந்தப் பெட்டிக்குள் இழுக்கும். தூசி துணியின் வெளிப்புறத்தில் தங்கிவிட, சுத்தமான காற்று பைக்குள் புகுந்து மேலே போய் வெளியேறும். சில செக்கன்களுக்கு ஒரு தடவை அமுக்கிய காற்று 'டப்' என்று ஒரு வரிசைப் பைகளுக்குள் அடிக்கும். படிந்த தூசி உதிர்ந்து கீழே விழும். பிறகு அடுத்த வரிசை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புத்தம்புதிய துணிப் பை நன்றாக வடிக்காது. துணியின் இழைகளுக்கிடையே உள்ள துளைகள் நுண்ணிய தூசியைவிடப் பெரியவை. ஓடத் தொடங்கியபின் துணியின் மேல் தூசியே ஒரு மெல்லிய படையாகப் படிகிறது. அந்தப் படைதான் அடுத்து வரும் தூசியை வடிக்கிறது. துணி அதைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் மாத்திரமே. சுத்தம் நல்லது என்ற எண்ணத்தில் பைகளை அடிக்கடி கழற்றிச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து மாட்டும் இடங்களைக் கண்டிருக்கிறேன். அன்றைய தினம் அந்த ஆலையின் புகைபோக்கியில்தான் தூசி அதிகம். வடிகட்டியைக் கண்ணால் பார்த்து "நல்ல வெள்ளையாக இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்ல முடியாதென்பதற்கு இது ஒன்றே போதும்.

பின் எப்படி அறிவது? முதலாவது கருவி, மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்கப் பாவிக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய். இரண்டு மீற்றர் வாங்கி, ஒரு பலகையில் 'ப' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் அப்படியே எழுதியதுபோல வளைத்துக் கட்டுங்கள். நடுவில் ஓர் அடிமட்டத்தை ஒட்டுங்கள். பாதியளவு தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிவதற்காகக் கேசரி நிறம் இரண்டு துளி விடுங்கள். குழாயின் ஒரு முனையை வடிகட்டிப் பெட்டியின் அழுக்குப் பக்கத்தில் உள்ள சிறு துளையிலும் மற்ற முனையைச் சுத்தமான பக்கத்துத் துளையிலும் பொருத்தினால், விசிறி ஓடும்போது சுத்தமான பக்கத்துக் குழாயில் தண்ணீர் மேலேறும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே துணியின் குறுக்கே உள்ள அமுக்க வித்தியாசம். பாடப் புத்தகத்தில் மனோமானி என்று படம் போட்டிருக்கிறதே, அதுதான் இது. உயரத்தை அடர்த்தியாலும் புவியீர்ப்பு ஆர்முடுகலாலும் பெருக்கினால் பாஸ்கலில் விடை வரும்: 10 சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 980 பாஸ்கல். தொழிற்சாலைக்காரர் பாஸ்கலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சென்ரிமீற்றரே போதும்.

இத்தகைய பை வடிகட்டிகள் பல, ஏழெட்டு முதல் பதினைந்து சென்ரிமீற்றர் வரையான வித்தியாசத்தில் ஓடுகின்றன. ஆனால் இந்த எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. உங்கள் வடிகட்டி நல்ல நிலையில் ஓடிய நாட்களில் எவ்வளவு காட்டியது என்பதே முக்கியம். ஒரு கொப்பியில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வரி எழுதினால் போதும். மெல்ல மெல்ல எண் ஏறிக்கொண்டு போனால் பைகள் அடைத்து வருகின்றன. இதை எல்லோரும் கவனிப்பார்கள். ஒரு நாள் காலையில் பதினொன்றாக இருந்தது மறுநாள் ஆறாக விழுந்துவிட்டால்? ஆலையில் இருப்பவர்கள் "இப்ப நல்லா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுவார்கள். எனக்கு அன்றைக்குத்தான் பயம். எதிர்ப்புக் குறைந்துவிட்டது என்றால் காற்று வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம்தான்; முடிவு அல்ல. விசிறியின் பட்டி வழுக்கி, காற்றே குறைவாக ஓடினாலும் அமுக்க வித்தியாசம் விழும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மின்வேலை செய்யும் நானாவிடம் இருக்கும் கிளாம்ப் மீற்றரை வாங்கி, விசிறி மோட்டரின் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். பொதுவாக இத்தகைய விசிறி அதிக காற்றைத் தள்ளும்போது அதிக மின்னோட்டத்தை எடுக்கும். பை கிழிந்திருந்தால் அம்பியர் கூடியிருக்கும். பட்டி வழுக்கினால் குறைந்திருக்கும். ஒரு கருவி தனியே சொல்லும் சாட்சியத்தை நம்பாமல் இரண்டாவது சாட்சியைக் கூப்பிடுவது இந்தத் தொழிலில் நான் மிகவும் விரும்பும் பழக்கம்.

சரி, எங்கோ ஒரு பை கிழிந்திருக்கிறது. ஐம்பது பைகளில் எது? இங்கே நமக்கு உதவுபவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவர். அயர்லாந்தில் பிறந்த பௌதிகவியலாளர் ஜோன் டிண்டல், 1870 இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் தூசியும் நோயும் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். இருட்டறையில் பலமான ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சினால், காற்றில் மிதக்கும் தூசி அதில் மின்னும். ஆனால் பஞ்சினூடாக வடித்த காற்றை அந்தக் கற்றைக்குள் விட்டபோது அந்த இடம் இருளாகத் தெரிந்தது. ஒளியைச் சிதறடிக்க அங்கே தூசி இல்லை. கதிர்கள் சிதறும் இந்த விளைவை அவர் பெயரால் டிண்டல் விளைவு என்று இரசாயனவியலில் படிக்கிறோம். அவர் அன்று செய்தது உண்மையில் ஒரு வடிகட்டிச் சோதனை. பின்னர் தீயணைப்பு வீரர்களுக்காகப் பஞ்சும் கரியும் வைத்த சுவாசக் கவசம் ஒன்றையும் அவர் உருவாக்கினார்.

நாங்கள் அதையே ஒரு டோர்ச் லைற்றால் செய்கிறோம். இருட்டியபின், சுற்றியுள்ள விளக்குகளை அணைத்துவிட்டு, காற்று வெளியேறும் வாயின் குறுக்கே ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒளி வரும் திசையை நோக்கிச் சற்றுச் சரிவாக நின்று, டோர்ச்சின் நேர்வெளிச்சத்தை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு பார்த்தால், பகலில் கண்ணுக்கே தெரியாத தூசி புகைபோலத் தெரியும். இதில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. 'டப்' சத்தம் வரிசை வரிசையாக வருகிறதல்லவா? ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டே ஒளிக்கற்றையைப் பாருங்கள். நான்காவது வரிசை அடித்தவுடன் மட்டும் ஒரு கொத்துத் தூசி வெளியே வந்தால், கிழிந்த பை நான்காவது வரிசையில் இருக்கக்கூடும். ஐம்பது பைகளைக் கழற்ற வேண்டிய வேலை ஐந்தாகக் குறைகிறது. செலவு, டோர்ச்சுக்கு நான்கு பற்றரிகள்.

சீமெந்து, சுண்ணாம்பு போன்றவற்றைக் கையாளும் இடங்களில் இதைவிட நுட்பமான முறை ஒன்றைப் பாவிப்பார்கள். ஒளிரும் நிறப்பொடி ஒன்றை, பைத்துணியின் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 5 கிராம் வீதம், விசிறி ஓடும்போது அழுக்குப் பக்கத்தில் தூவுவார்கள். பொடி எதிர்ப்புக் குறைந்த வழியைத் தேடிக்கொண்டு ஓட்டைக்கே போகும். பிறகு இயந்திரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு, சுத்தமான பக்கத்துக் கதவைத் திறந்து, கழியூதா டோர்ச்சை அடித்துப் பார்ப்பார்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் அதே நீல விளக்குத்தான். கிழிந்த பையின் வாய் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ சுடர்விடும். திருத்திய பின்னர் மறுபடி சோதிக்கும்போது வேறு நிறப் பொடியைப் போட வேண்டும்; இல்லாவிட்டால் பழைய கறையையும் புதிய கசிவையும் பிரித்தறிய முடியாது. ஆனால் தவிட்டைச் சேகரிக்கும் வடிகட்டியில் நான் இந்தப் பொடியைத் தூவ விடமாட்டேன். அந்தத் தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது, பொடி அதில் கலக்கக் கூடாது. அங்கே டோர்ச்சும், வெளியேறும் காற்றின் முன் சிறிது நேரம் பிடித்த ஒரு வெள்ளைத் துணியுமே போதும்.

இதை வாசிக்கும் பெற்றார் பயப்படாதிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடிகட்டிப் பெட்டிக்குள் தலையை விடுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடாமல் அவர்களும் செய்ய மாட்டார்கள். தானியத் தூசி காற்றில் கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். ஆகவே தீக்குச்சியைக் கொளுத்தி இழுவை பார்க்கும் பழைய பழக்கம் ஆலைக்குள் வேண்டாம்.

இனித் தண்ணீருக்கு வருவோம். இது பெற்றாருக்கும் நெருக்கமான விடயம், ஏனெனில் இன்று பல ஊர்களில் குடிநீரே சிறு தொழிற்சாலை ஒன்றிலிருந்து வருகிறது. வடமத்திய மாகாணத்தில், காரணம் திட்டவட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய கிராமங்களில், ஆர்.ஓ. எனப்படும் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டு, பலவற்றைக் கிராம மக்களின் சங்கங்களே நடத்துகின்றன. கிணற்று நீரை அதிக அமுக்கத்தில் ஒரு நுண்ணிய மென்சவ்வின் ஊடாகத் தள்ளி, கரைந்த உப்புக்களைப் பிரிக்கும் முறை அது. மென்சவ்வில் சிறு சேதம் ஏற்பட்டாலும் தண்ணீர் பளிங்குபோலத்தான் வரும். கரைந்த உப்பைக் கண்ணால் காண முடியாது. கொஞ்சம் கூடினால் நாக்குக்கும் தெரியாது.

இதற்குக் கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மானி ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உண்மையில் அது அளப்பது தண்ணீரின் மின் கடத்துதிறனை. அதை உப்பின் அளவாக மாற்றி எண்ணாகக் காட்டும். பலர் வெளியே வரும் தண்ணீரில் மட்டும் அதைத் தோய்த்துப் பார்த்து "60தான், நல்ல தண்ணீர்" என்று சொல்லிவிடுவார்கள். அது வடிகட்டியைச் சோதிப்பதாகாது. உள்ளே போகும் நீரிலும் தோய்க்க வேண்டும். உள்ளே 620, வெளியே 25 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 96 பங்கு தடுக்கப்படுகிறது. ஆறு மாதத்தின் பின் உள்ளே அதே 620, வெளியே 60. இப்போது தடுக்கப்படுவது நூற்றுக்கு 90. 96 எங்கே, 90 எங்கே, இரண்டும் நல்ல புள்ளிகள்தானே என்று பரீட்சை எழுதும் நமக்குத் தோன்றும். மறுபக்கமாகப் பாருங்கள். முன்பு நூற்றுக்கு 4 பங்கு கசிந்தது. இப்போது 10 பங்கு கசிகிறது. கசிவு இரண்டரை மடங்காகிவிட்டது. வடிகட்டியின் விடயத்தில் தடுத்ததைப் பார்ப்பதைவிடத் தப்பியதைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மலிவான மானி சரியாகக் காட்டுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கொஞ்சம் பிழையாகத்தான் காட்டும். ஆனால் ஒரே மானியை இரு பக்கமும் பாவித்து விகிதம் எடுக்கும்போது, பத்து வீதம் கூட்டிக் காட்டும் மானி இரு பக்கமும் பத்து வீதம் கூட்டியே காட்டும். வகுக்கும்போது பிழை வெட்டுப்பட்டுவிடும். அமுக்கமானிக்கும் இதே உபாயம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு மலிவான அமுக்கமானிகளை மாட்டுவதைவிட, ஒரே மானியை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பது நம்பகமானது. இரண்டு மானிகள்தான் இருக்கின்றன என்றால், தண்ணீர் ஓடாமல் அமுக்கம் மட்டும் நிற்கும் வேளையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று முதலில் பாருங்கள். காட்டாவிட்டால் குறை மானியில்.

கசிவு கூடியிருப்பது தெரிந்துவிட்டது. அடுத்தது என்ன? நிலையத்தில் மென்சவ்வுகள் பல குழாய்களுக்குள் இருக்கும். ஒவ்வொரு குழாயிலிருந்தும் வரும் நீரைத் தனித்தனிக் கோப்பையில் பிடித்து அளக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறிது சிறிதாக ஏறியிருந்தால் மென்சவ்வுகளுக்கு வயதாகிவிட்டது. ஒன்றில் மட்டும் திடீரென ஏறியிருந்தால் அந்தக் குழாயின் இறப்பர் வளையம் இடம் மாறியிருக்கலாம். மென்சவ்வின் விலையோடு ஒப்பிட்டால் அந்த வளையத்தின் விலை ஒன்றுமே இல்லை. இந்தக் கோப்பைச் சோதனையைச் செய்யாமல் மென்சவ்வு முழுவதையும் மாற்றச் சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. கிராமச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் பெண்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

அளவீடு சட்ட எல்லைக்குள் இருக்கிறதே என்று ஆறுதலடைந்துவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரம் சாட்சி. 1993 மார்ச் மாத இறுதியில் அந்நகரின் தெற்குச் சுத்திகரிப்பு நிலையத்தில், மணல் வடிகட்டிகளைத் தாண்டி வந்த நீரின் கலங்கல் வழமைக்கு மாறாக உயர்ந்து 1.7 அலகைத் தொட்டது. அக்காலத்து விதிகளின்படி நீர் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் குளோரீனுக்கும் அழியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி அந்தக் கலங்கலோடு சேர்ந்து வீடுகளுக்குப் போய்விட்டது. வயிற்றோட்ட மருந்துகள் மருந்துக் கடைகளில் தீர்ந்துபோனதும், பாடசாலைக்கும் வேலைக்கும் பெருந்தொகையானோர் வராமல் நின்றதும்தான் அதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தன. ஏறக்குறைய 4 இலட்சத்து 3 ஆயிரம் பேர் நோயுற்றதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அந்த வடிகட்டியின் சொந்த வழமையோடு ஒப்பிட்டிருந்தால் அந்த எண் அபாய மணியாக ஒலித்திருக்கும்.

கரி வடிகட்டி மூன்றாவது வகை. அது அடைப்பதுமில்லை, கிழிவதுமில்லை, களைத்துப்போகும். கரியின் மேற்பரப்பு குளோரீனைப் பிடித்து மாற்றிக்கொண்டே இருந்து, ஒரு நாள் இயலாமல் போய்விடும். அமுக்கம் மாறாது, ஓட்டம் மாறாது, நிறம் மாறாது. டி.டி.எஸ். மானிக்கும் தெரியாது. ஆர்.ஓ. நிலையத்தில் இது இரட்டைத் தொல்லை: கரியைத் தாண்டி வரும் குளோரீன் பின்னால் இருக்கும் மென்சவ்வையே அரித்துவிடும். சிறுநீரக நோயாளருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் பிரிவுகளில் விடயம் இன்னும் கடுமையானது. குளோரீன் கலந்த நீர் அந்த இயந்திரத்துக்குள் போனால் நோயாளியின் செங்குருதிக் கலங்கள் உடையும். ஆகவேதான் கரித் தொட்டியைத் தாண்டிய நீரில் மொத்தக் குளோரீன் ஒரு லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்று விதித்து, ஒவ்வொரு தொகுதி நோயாளரைத் தொடங்குமுன்னரும் அளந்து பார்க்கிறார்கள். நீச்சல் தடாகங்களுக்கு விற்கும் டி.பி.டி. வில்லைகள் இதே அடிப்படையில் வேலை செய்பவை. குளோரீன் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாகும். வைத்தியசாலைக்குரிய நுட்பம் அதில் இல்லை. ஆனால் ஒரு குளிர்பான ஆலையின் கரி களைத்துவிட்டதா என்று அறிய அது போதுமானது.

பௌதிகவியல் படிக்கும் தங்கைமாருக்காக இன்னொன்று. மருந்து தயாரிக்குமிடங்களில் பற்றீரியாவைத் தடுக்கும், மிக நுண்ணிய துளைகள் கொண்ட மென்தகட்டு வடிகள் உண்டு. அவை நனைந்திருக்கும்போது, ஒவ்வொரு துளையிலும் நீர் பரப்பிழுவிசையால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றால் அந்த நீரை வெளியே தள்ள வேண்டுமென்றால், துளை சிறிதாகச் சிறிதாக அதிக அமுக்கம் தேவை. எனவே நனைந்த வடியின் ஒரு பக்கத்தில் காற்றமுக்கத்தை மெல்லக் கூட்டி, மறுபக்கத்தில் நீருக்குள் குமிழி எப்போது வருகிறதென்று பார்த்தால், மிகப் பெரிய துளையின் அளவு தெரிந்துவிடும். குறித்த அமுக்கத்துக்கு முன்னரே குமிழிகள் வந்தால் வடி சேதமடைந்திருக்கிறது. ஊசி மருந்துக் குழாயில் பொருத்தும் சிறிய வடி என்றால் அமுக்கமானிகூட வேண்டாம். 10 மில்லிலீற்றர் காற்றை 2 மில்லிலீற்றராக அமுக்கினால் போயிலின் விதிப்படி உள்ளே அமுக்கம் ஐந்து மடங்காகும். குழாயில் எழுதியிருக்கும் கோடுகளே மானி.

கடைசியாக, நமது கல்லூரியிலோ பக்கத்துப் பொதுக் குழாயிலோ விஞ்ஞானக் கழகம் செய்யக்கூடிய சோதனை ஒன்று. தண்ணீர் வடிகட்டி பற்றீரியாவைத் தடுக்கிறதா என்பதை மேலே சொன்ன மானிகள் எதுவும் சொல்லாது. இதற்காக 1982 இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். இரசாயனம் ஊறவைத்து உலர்த்திய தாள் துண்டு போட்ட, கிருமி நீக்கிய சிறு போத்தலில் தண்ணீரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்புள்ள நீரில் இருக்கும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கித் தாளைக் கறுப்பாக்கிவிடும். நமது நாட்டு வெப்பத்துக்குத் தனி அடுப்புத் தேவையில்லை, அறையிலேயே வைக்கலாம். ஆயத்தமான போத்தல்களை வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று போத்தல்கள் எடுங்கள். ஒன்றில் வடிகட்டிக்கு முந்திய நீர், ஒன்றில் பிந்திய நீர், மற்றதில் கொதிக்கவைத்து ஆறவைத்த நீர். குழாய் வாயை முதலில் துடைத்து, ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். போத்தலின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒரு நாள் கழித்தும் இரண்டு நாள் கழித்தும் பார்த்து எழுதுங்கள். முந்தியது கறுத்து மற்ற இரண்டும் கறுக்காவிட்டால் வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் கறுத்தால் அதிபரிடம் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொதிக்கவைத்ததும் கறுத்துவிட்டால் போத்தலோ கையோ சுத்தமில்லை, சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். கிணற்று நீரில் இயல்பாகவே அழுகிய முட்டை மணம் இருந்தால் இந்த முறை அங்கே சரிவராது. பற்றீரியா இல்லாமலே தாள் கறுத்துவிடும்.

கறுத்த போத்தல்களை அப்படியே கழுவ வேண்டாம். உள்ளே கிருமிகள் பெருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் வீட்டில் துணி வெளுக்கும் குளோரீன் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி, அரை மணித்தியாலம் வைத்து, மலசலகூடத்தில் கொட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.